நெஜீஹாவுக்குக் கிடைத்த ஜெர்மனி

கொர்பா,
செப்டம்பர் 2002

அன்புத் தங்கை ஜலீலாவுக்கு,

ஸலாம். இங்கே எல்லாரும் நலம். உன் வீட்டுக்காரரும் குழந்தை யுஸ்ராவும் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. உங்கள் பிரான்ஸ் குளிர் லியோனில் தொடங்கிவிட்டதா? இங்கே இன்னும் வெயில் குறையவில்லை. மிளகாய் வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. தொழிற்சாலை முற்றம் முழுக்கச் சிவப்பு. துடைத்துத் துடைத்துப் பார்த்தும் கண் எரிச்சல் போகவில்லை, அதனால் கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் மச்சான் ஷெத்லிக்கு முட்டி வலி. டாக்டர் படியேறக் கூடாது என்றார். இவர் மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டு ஏணி ஏறுகிறார். கேட்டால், "ஏணிய பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லலியே" என்கிறார். நீயே ஒரு வார்த்தை எழுது. நான் சொன்னால் காதில் ஏறாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உள்நாட்டில் விற்கிற சிறிய கம்பெனிகளை வெளிநாட்டுக்கு விற்க வைப்பதற்கு அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டு வந்திருக்கிறது. பொருட்காட்சிக்குப் போகிற செலவு, ஆலோசகர் செலவு, புது லேபிள் செலவு எல்லாவற்றிலும் பாதியை அவர்கள் தருவார்கள். மீதிப் பாதி நம்முடையது. நாபில் நகரத்தில் கூட்டம் போட்டார்கள். நானும் மச்சானும் போனோம். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்கிறாய்? நம் சித்தப்பா மகள் நெஜீஹாதான். கையில் பேனா, மடியில் பை, பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்க வந்தவள் மாதிரி.

இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். ஸல்வா என்று ஒரு அதிகாரி தலைநகர் துனிஸிலிருந்து வந்தாள். முதலில் எங்கள் தொழிற்சாலையைப் பார்த்தாள், பிறகு சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நெஜீஹாவுடையதை. எங்கள் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று மனதாரச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கேள்விகள். கழுவுகிற தண்ணீர் ஏன் அரைக்கிற இடம் வழியாக ஓடுகிறது? விழுதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதுண்டா? எந்தத் தோட்டத்து மிளகாய் எந்தப் பீப்பாயில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? நான் சொன்னேன், வாப்பா காலத்திலிருந்து இப்படித்தான், இதுவரை ஒருத்தரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்ததில்லை என்று. அவள் சிரித்துக்கொண்டே கடைசியாக, "ஏம்மா, இத்தன வருஷமா உள்ளூர்லயே நல்லா வித்துட்டிருக்கீங்க, இப்ப எதுக்கு வெளிநாடு?" என்று கேட்டாள்.

ஜலீலா, நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "எதுத்தாப்புல நெஜீஹா விக்கப் போறாளே" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. மச்சான் என் காலை மிதித்தார், வலியில்லாத காலால். வீட்டுக்கு வந்து, "மனசுல இருக்கறத அப்படியே சொல்றதுக்கு அது என்ன ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார்.

நெஜீஹாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எங்களை அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். அவள் விழுது என்னுடையதைவிட உசத்தியா? நீ சாப்பிட்டிருக்கிறாய், நீயே சொல். நம் வாப்பாவும் சித்தப்பாவும் ஒரே கூரைக்குக் கீழ் அரைத்தவர்கள். பங்கு பிரிந்தபோது அரவை இயந்திரம் நமக்கு வந்தது, சாமர்த்தியம் அந்தப் பக்கம் போய்விட்டது என்று ஊரில் இப்போது சிரிக்கிறார்கள். ஆலோசகர் ஒருவர் வாராவாரம் வருகிறார். அவளுடைய வேலைக்காரப் பெண்களுக்கு வெள்ளைத் தொப்பி கொடுத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மருத்துவமனை மாதிரி இருக்கிறது. நான் பார்ப்பதில்லை. ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால் நான் என்ன செய்ய?

உனக்கும் அவளுக்கும் ஒரே வயது, சின்ன வயதிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். நீ அவளுக்கு வாழ்த்து எழுதுவாய், எனக்குத் தெரியும். எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வரியில் முடித்துக்கொள்.

யுஸ்ராவின் நெற்றியில் என் முத்தத்தை வை. அல்லாஹ் உங்களைக் காக்கட்டும்.

உன் அக்கா,
வஸீலா


கொர்பா,
நவம்பர் 2003

தங்கை ஜலீலாவுக்கு,

ஸலாம். நோன்பு நடக்கிறது. எல்லாரும் நலம். மச்சான் முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டார்.

நெஜீஹா வந்து சேர்ந்தாள். ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பொருட்காட்சி முடிந்து, லியோனில் உன் வீட்டில் தங்கிவிட்டு வந்தாள் என்பதை அவள் வாயால்தான் தெரிந்துகொண்டேன். நோன்பு திறக்கிற நேரத்தில் கறுப்புக் கண்ணாடியும் சாக்லேட் பெட்டியுமாக வந்து நின்றாள். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது, எந்த வெயிலுக்கு அந்தக் கண்ணாடி என்று நான் கேட்கவில்லை. "ஜலீலா குடுத்தனுப்பினாக்கா" என்று பெட்டியை வைத்தாள். அப்புறம் சூப் குடித்துக்கொண்டே பேசினாள். பேசினாள், பேசினாள்.

"உங்க தங்கச்சி வீட்டு ஜன்னல்லருந்து பாத்தா ஆறு தெரியுதுக்கா! எவ்ளோ அழகு தெரியுமா? நீங்க பாத்ததில்லல்ல?"

இல்லை என்றேன். பார்த்ததில்லை. நீ அந்த வீட்டுக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது.

"சொன்னா நம்ப மாட்டீங்க, பொருட்காட்சிக் கடைல எங்கூட ரெண்டு நாள் முழுக்க நின்னா. நான் ஒரு வார்த்த சொன்னா அவ பத்து வார்த்த பிரெஞ்சுல சொல்லுவா. ஒரு ஜெர்மன்காரர் ருசி பாத்துட்டு தீப்பிடிச்ச மாதிரி குதிச்சாரு. ஜலீலா உடனே தண்ணி குடுக்காம ரொட்டியக் குடுத்தா. அவருதான் இப்ப ஆர்டர் குடுத்திருக்காரு."

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். நீ வேலையில் லீவு போட்டுக்கொண்டு ஜெர்மனி வரைக்கும் ரயிலேறிப் போய், அவள் கடையில் நின்றிருக்கிறாய். போன பெருநாளுக்கு வரச் சொல்லி நான் எழுதியபோது, லீவு ஒரு நாள்கூட மிச்சமில்லை அக்கா என்று எழுதியவளும் நீதான். நான் கணக்குக் கேட்கவில்லை. உன் லீவு, உன் விருப்பம். தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

அவள் போட்டோக்கள் காட்டினாள். ஒன்றில் உன் சமையலறை மேசை. அதன்மேல் அவளுடைய கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. லேபிளில் நீலக் கதவு, வெள்ளைச் சுவர், கதவோரம் பூச்செடி. கொர்பாவில் யார் வீட்டுக்கு நீலக் கதவு இருக்கிறது, சொல்? அவள் வீட்டுக் கதவு தகரம், துரு பிடித்தது. கேட்டதற்கு, "ஆலோசகர் சொன்னாருக்கா, அங்க இருக்கறவங்களுக்கு நம்ம நாடுன்னா நீலக் கதவுதானாம்" என்கிறாள். பூண்டையும் பாதியாகக் குறைத்துவிட்டாள். பூண்டு குறைந்த ஹரிஸ்ஸாவை விற்கிறவளுக்கு வெட்கமில்லை, வாங்குகிறவர்களுக்கு விவரமில்லை, அது அவர்கள் பாடு. அந்தப் போட்டோவில் நான் தேடியது வேறு. வருஷா வருஷம் நான் கொடுத்தனுப்புகிற, வாப்பா பெயர் போட்ட டப்பா எங்காவது மூலையில் தெரிகிறதா என்று பார்த்தேன். போட்டோ சின்னது. எல்லாம் அதில் அடங்காது.

இன்னொன்று. அந்தப் பிரெஞ்சு விளம்பரத்தாளை எழுதிக்கொடுத்தது நீயாம். பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். "கடலும் வெயிலும் சேர்ந்து பழுக்க வைத்த மிளகாய்" என்று எழுதியிருக்கிறாய். நன்றாக எழுதுகிறாய் ஜலீலா. எனக்கு நீ எழுதுகிற கடிதங்களில் தட்பவெப்பமும் யுஸ்ராவின் பல்லும்தான் இருக்கின்றன.

நீ என்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நான் என்ன தடுக்கவா போகிறேன்? சொந்த அக்கா, சாலையைக் கடந்து வந்தவளிடமிருந்து தன் தங்கையின் வீட்டுச் செய்தியைக் கேட்கிறாள். மச்சான் சொல்கிறார், "ஒனக்கு அந்தப் புள்ள ஜெர்மனி போனது பொறுக்கலியா, லியோன் போனது பொறுக்கலியா, அத முதல்ல முடிவு பண்ணு." அவருக்கு எல்லாம் விளையாட்டு.

சாக்லேட்டை நான் தொடவில்லை. நோன்பு காலத்தில் இனிப்பு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மச்சான் சாப்பிட்டு முடித்துவிட்டார்.

பெருநாள் வாழ்த்துகள். இறைவன் உங்கள் நோன்பை ஏற்றுக்கொள்ளட்டும்.

உன் கூடப்பிறந்த ஒரே அக்கா,
வஸீலா


கொர்பா,
அக்டோபர் 2004

அன்புள்ள ஜலீலாவுக்கு,

ஸலாம். உன் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு நான் எழுதவில்லை என்று உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். நடந்ததை எல்லாம் நெஜீஹா இந்நேரம் உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனாலும் என்னிடமிருந்தும் கேள். அவள் சொல்வதில் அவள் நல்லவளாக இருப்பாள், நானும் நல்லவளாக இருப்பேன். அது முழுசாக உண்மையில்லை.

கோடையில் அவளுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. பாட்டில் நிரப்ப ஆள் போதவில்லை. என்னிடமிருந்து ஆறு பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டாள். அதில் மப்ரூக்காவும் ஒருத்தி. மிளகாய் வதக்குகிற அடுப்புக்குப் பக்கத்தில் பதினெட்டு வருஷம் என்னோடு நின்றவள். ஏன் போகிறாய் என்று கேட்டதற்கு, "கூலி கொஞ்சம் கூடத்தான். ஆனா அதுக்காகப் போகலம்மா. அங்க உக்காந்து வேல செய்ய நாற்காலி குடுக்குறாங்க" என்றாள். நானும் மீதிப் பேருக்குக் கூலியை ஏற்றினேன், நாற்காலியும் வாங்கிப் போட்டேன். மிளகாய்க்காரர்களிடம் நெஜீஹா முன்கூட்டியே பேசி வைத்துவிட்டதால் விலையும் ஏறிவிட்டது. வழக்கமாக எனக்குக் கொடுப்பவர்கள், "எதிர் வீட்டுல கேட்டுட்டாங்களே" என்று தலையைச் சொறிந்தார்கள். பெஷீர் கிழவர் மட்டும்தான் எனக்கென்று கொண்டுவந்து இறக்கினார். அவர் மருந்தடிக்காத மனுஷர். கொள்கை எல்லாம் இல்லை, கஞ்சத்தனம்.

நானும் சும்மா இருக்கவில்லை. கழுவுகிற தண்ணீருக்குத் தனிச் சாக்கடை கட்டினேன். பீப்பாய்க்கு எண் போட்டேன். விழுதைத் துனிஸ் ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பினேன், சுத்தமானது என்று சான்றும் வந்தது. அவளைப் பார்த்துச் செய்யவில்லை. பழைய தரை ரொம்ப நாளாக வழுக்கிக்கொண்டிருந்தது. மச்சான் இதைப் படித்தால் சிரிப்பார், சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் கடைசியில் செய்தி வந்தது. நெஜீஹாவின் சரக்கை ஹம்பர்க் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். மிளகாயில் பூச்சிமருந்து அவர்கள் அளவுக்குமேல் இருக்கிறதாம். அவசரத்தில் பல தோட்டங்களிலிருந்து வாங்கிக் கலந்திருக்கிறாள், எது எவருடையது என்று தெரியவில்லை. சரக்கை அழித்துவிடச் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் வேறு சரக்கு வராவிட்டால் ஆர்டரும் இல்லை என்று ஜெர்மன்காரர் சொல்லிவிட்டார்.

ஜலீலா, அன்றைக்கு மத்தியானம் மெல்லிய மாவுத் தாளில் முட்டையை வைத்து மடித்துப் பிரிக் பொரித்தேன். எண்ணெயில் போட்டதும் அது உப்பி எழும்புகிறதே, அதைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து, "என்ன, இன்னிக்குப் பெருநாளா?" என்றார். ஏதோ பாட்டு வாய்க்கு வந்தது என்றேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். முட்டி வலி வந்ததிலிருந்து அவர் இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. நான் என் பங்கையும் அவர் பங்கையும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அதற்கு மறுநாள் நீ கூப்பிட்டாய். எடுத்ததும் உன் குரல். எத்தனை மாதம் கழித்து! நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், நிறையப் பேசலாம் என்று. நீ நலம் விசாரித்தாய், மூச்சு விட்டாய், பிறகு, "அக்கா, நெஜீஹாவுக்குக் கொஞ்சம் உதவி பண்ணுங்க. உங்ககிட்ட சுத்தமான விழுது இருக்கு. அவளால உங்ககிட்ட வாயத் தொறந்து கேக்க முடியல" என்றாய். அவளுக்குக் கேட்க முடியாததை லியோனிலிருந்து நீ கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். லைன் அறுந்தது என்று நினைத்திருப்பாய். அறுந்துபோகவில்லை, நான்தான் வைத்தேன்.

சாயங்காலம் அவளே வந்தாள். கண்ணாடி இல்லை. கண் வீங்கியிருந்தது. சமையலறையில் உட்கார்ந்து, நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, கேட்காமலேயே ஒரு பிடி எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் நான்தான் கேட்டேன், இத்தனைக்கும் ஆலோசகர் இருந்தாரே என்று.

"ஆலோசகர் போன மார்ச்சோட சரிக்கா. திட்டம் முடிஞ்சிடுச்சு. அவங்க கைய விட்டப்பறம்தான் ஆர்டர் பெருசாச்சு. எனக்கு ஓடத்தான் சொல்லிக் குடுத்தாங்க, நிக்கச் சொல்லிக் குடுக்கல" என்றாள்.

"எங்கிட்ட ஏன் முன்னாடியே வரல?"

"வந்தா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு பயமா இருந்துச்சு."

அவள் தலையைத் தூக்கவில்லை, உரித்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷமாக அந்த ஜன்னல் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறது போலிருக்கிறது.

நான் சொன்னேன், விழுது தருகிறேன், முழு விலைக்கு. பூண்டைக் குறைக்க மாட்டேன். மப்ரூக்காவைத் திருப்பி அனுப்பு. அவள் மூன்றுக்கும் சரி என்றாள். "லேபிள்ல உங்க வாப்பா பேரையும் போடறேங்க்கா" என்றும் சொன்னாள், ஆனால் ஜெர்மன்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. மப்ரூக்காவும் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சண்ட போடுங்க, சமாதானம் ஆகுங்க, நான் என்ன பீப்பாயா, அங்கயும் இங்கயும் உருட்டறதுக்கு?" என்று கேட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டாள். ஆக, விலை போக, பூண்டு மட்டும்தான் என் பக்கம் ஜெயித்தது.

இருபது நாள் இரண்டு தொழிற்சாலையும் ஒன்றாக வேலை செய்தன. என் பெண்கள் அங்கே, அவள் பெண்கள் இங்கே, பீப்பாய்கள் சாலையைக் குறுக்கே கடந்தபடி. மச்சான் ஏணியிலிருந்து இறங்கி நின்று, சாலையில் வந்த வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார். சரக்கு போய்ச் சேர்ந்தது, சோதனையிலும் தேறியது. அந்த ஜெர்மன்காரர் இந்தத் தடவை ருசி தூக்கலாக இருக்கிறது, இதையே தொடர்ந்து அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாராம். நெஜீஹா அதை ஓடிவந்து என்னிடம் சொன்னாள். சந்தோஷமாக இருந்தது. பாட்டிலில் அவளுடைய நீலக் கதவு இருக்கிறது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன, நான் என்ன செய்ய?

போன வாரம் அதிகாரி ஸல்வா வந்தாள், விழுது எங்கிருந்து வந்தது என்று பார்க்க. சாக்கடையைப் பார்த்தாள், எண் போட்ட பீப்பாய்களைப் பார்த்தாள், நாற்காலிகளைப் பார்த்தாள். "நீங்க ஏம்மா மறுபடி விண்ணப்பிக்கல? இந்த வருஷம் போடுங்க" என்றாள். எந்த நாட்டுக்கு விற்க நினைக்கிறீர்கள் என்றாள். மச்சான் இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாக என் காலுக்குப் பக்கத்தில் அவர் காலை வைத்துக்கொண்டார். நான் நிதானமாக, "பிரான்ஸ்" என்றேன். அவள் அடுத்ததாக, "புது ஊர்ல தெரிஞ்சவங்க ஒருத்தர் இருந்தா பெரிய உதவி. அங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

நெஜீஹாவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "எந் தங்கச்சி இருக்கா" என்றேன். அத்தனை பேர் முன்னால், மிளகாய்க் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நெஜீஹா பிறகு, "நான் ஜலீலாகிட்ட பேசறேங்க்கா, அவ கண்டிப்பா செய்வா" என்றாள். எனக்காக உன்னிடம் அவள் பேசுவாளாம்! வேண்டாம், நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எழுத உட்கார்ந்தால், உதவியைக் கேட்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. நீ செய்வாய், தெரியும். லீவு போடு, தாள் எழுதிக்கொடு என்றெல்லாம் கேட்கவில்லை. அவர்கள் எங்களைத் திட்டத்தில் எடுத்துக்கொள்கிறார்களோ இல்லையோ, எனக்கு அது ரொம்பப் பெரிதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலை மூடியிருக்கும். நான் வீட்டில்தான் இருப்பேன். ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிடு, ஜலீலா. யாருக்காகவும் கேட்காமல், செய்தி ஒன்றும் இல்லாமல், சும்மா. நான் போனை வைக்க மாட்டேன்.

அல்லாஹ் உன்னையும் உன் வீட்டையும் எல்லாக் கண்ணிலிருந்தும் காக்கட்டும். என் கண்ணிலிருந்தும்.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும் அக்கா,
வஸீலா